ஓம் என்றால் ஓடும் இயந்திரம்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இந்தப் பயணத்துக்கு அரைக்கைச் சட்டை அணிவது என்று தீர்மானித்தேன். முடிவு இலகுவாக வரவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் அறைக் கதவின் பின்னால் தொங்கிய இரண்டு சட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். மனைவியின் கருத்தைக் கேட்டேன். அது எனக்குச் சாதகமாக அமையாததால் நன்றி சொல்லிவிட்டு மேலே யோசித்தேன். முழுக்கைச் சட்டை யாழ்ப்பாணத்து வெயிலுக்கு நல்லது, மரியாதையும் கூட. ஆனால் நான் போவது ஓர் இயந்திரத்தைப் பார்க்க. தொங்கும் துணியை இயந்திரம் எப்படி இழுக்கும் என்று என் கையாலேயே பல தடவை எழுதியிருக்கிறேன்.

இயந்திரங்களோடு வரும் பாவனைக் கையேடுகளைத் தமிழாக்குவது என் தொழில். ஓர் இயந்திரத்தையும் நான் ஓட்டியதில்லை. ஆனால் 'எச்சரிக்கை' என்று தொடங்கும் வாக்கியங்களை இந்த நாட்டில் என்னளவு எழுதியவர்கள் அதிகம் இருக்க முடியாது. இந்த வேலையில் ஒருவன் இயந்திரங்களைக் கற்றுக்கொள்வதில்லை, அவற்றுக்குப் பயப்படக் கற்றுக்கொள்கிறான். குடும்பத்தில் இந்த வேறுபாட்டை யாரும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு நான் இயந்திர நிபுணன்.

கொடிகாமத்தில் அக்கா ஒரு மில் நடத்துகிறார். மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து, கறித்தூளாகப் பக்கற்றில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பது தொழில். அடைக்கும் இயந்திரத்தை அத்தான்தான் ஓட்டினார். போன வருடம் அந்த இயந்திரம் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அதன்பின் அத்தான் முன்பக்கக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறார். இயந்திர அறைக்குள் போவதில்லை. தூளைப் பெண்கள் நான்கு பேர் கையால் அடைக்கிறார்கள், கேட்கிற கடைகளுக்கெல்லாம் கொடுக்க முடியவில்லை.

புதிய இயந்திரம் ஒன்றைக் கொக்குவிலில் குகன் என்பவர் செய்துகொண்டிருந்தார். போன வைகாசியில் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "நீ வந்து பார், தம்பி. நீ ஓம் எண்டாத்தான் நான் எடுப்பன். இல்லையெண்டால் கையாலையே கட்டுவம்." கொஞ்சம் நிறுத்தி, அத்தானையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அவர் ஓட்ட வராவிட்டால் இயந்திரம் வந்தும் பயனில்லை.

அதாவது நான் ஓம் சொல்லி, அந்த இயந்திரமும் ஒரு விரலை எடுத்தால், அது என்னுடைய ஓம். அன்றிலிருந்து எனக்குச் சரியாகப் பசிக்கவில்லை.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் ரயிலில் வந்தேன். இதே வழியில் வர நினைப்பவர்கள் ஆசனத்தை முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் நான் வந்த நேரத்தைச் சொல்லிப் பயனில்லை. யாழ்ப்பாணம் வரை போகவேண்டியதில்லை, கொடிகாமத்திலேயே நிலையம் உண்டு. இறங்கினால் சந்தை நடந்துபோகும் தூரம். ஆனையிறவில் ரயில் உப்பளத்தைக் கடக்கும்போது பக்கத்து ஆசனக்காரர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் குகன் மின்னஞ்சலில் அனுப்பிய விவரத்தாளில் 'சட்டென இயங்கக்கூடும்' என்ற இடத்தை மூன்றாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஓட்டோ பிடித்தோம். போய், காத்திருந்து, திரும்பி வர ஐயாயிரம் ரூபா என்று ரவி என்ற ஓட்டுநர் சொன்னார். கொடிகாமத்திலிருந்து கொக்குவில் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. வெறுங்கையோடு போகக்கூடாது என்று அக்கா குகன் வீட்டுக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் தந்துவிட்டார். அது ஓட்டோவுக்குள் நீளப்பாட்டுக்குக் கொள்ளாமல், வழி முழுவதும் என் கழுத்தின் ஒரு பக்கத்தில் இருந்தது.

அத்தான் முழுக்கைச் சட்டையில் வந்தார். ஓர் அளவு பெரிய சட்டை. வலது கைப்பட்டியின் பொத்தானைப் பூட்டாமல் விட்டிருந்தார். துணி விரல்களின் மேல் விழுந்து மூடியிருந்தது. போன வருடத்திலிருந்து அவருடைய சட்டைகள் எல்லாம் இப்படித்தான் என்று அக்கா முதல்நாளே சொல்லியிருந்தார். தொங்கும் துணி பற்றிய என் வாக்கியம் நினைவுக்கு வந்தது. அதை யாரிடமும் எப்படிச் சொல்வது என்று கையேடுகளில் இல்லை.

நாவற்குழிப் பாலத்தில் நல்ல காற்று. கொக்குவிலில் ரயில் கடவைக்கு வந்ததும் ரவி வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். ரயில் எதுவும் இல்லை.

"ஏன் எஞ்சினையும் நிப்பாட்டினனீங்கள்?" என்று கேட்டேன்.

"சத்தம் கேக்கவெண்டுதான். இப்ப தண்டவாளம் புதுசு. பழைய தண்டவாளம் எண்டால் தூரத்திலையே சொல்லும், வாறன் வாறன் எண்டு. இது வந்து நிண்டாப் பிறகுதான் தெரியும்."

அத்தான் கடவையைத் தாண்டும்வரை இடது கையால் வலது கைப்பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குகனின் பட்டறை வீட்டு மதிலுக்குள், தகரக் கூரையின் கீழ் இருந்தது. குகனுக்கு நாற்பது வயதிருக்கும், மிகவும் மெலிந்தவர், சிரிக்கும்போது யாரையும் பார்க்கமாட்டார். உதவிக்குத் தவம் அண்ணை. முன்பு அரச பேருந்துகளைத் திருத்தும் சாலையில் பொருத்துநராக இருந்தவர், அறுபது தாண்டியவர், எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் செய்பவர். முருங்கைக்காயைக் கண்டதும் தவம் அண்ணை, "உதென்ன, மிசினுக்குச் சீதனமோ?" என்று கேட்டார். அன்றைய நாளில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இனி இயந்திரம். இதைத் தெரிந்துகொள்ளவே இந்தப் பதிவுக்கு வந்தவர்கள் இருப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

அத்தானின் விரல்களை எடுத்த பழைய இயந்திரத்தில் ஒரே ஒரு பெரிய மோட்டார். அது ஓயாமல் சுற்றும். சங்கிலி, பற்சக்கரம், பட்டி என்று அந்த ஒரு சுற்றைப் பல இடங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். எங்கே எது இருக்கிறது என்று அந்த மோட்டாருக்குத் தெரியாது. கையை அரைக்கிறதா, காற்றை அரைக்கிறதா என்றும் தெரியாது. குகன் பூட்டும் சேர்வோ மோட்டார் அப்படியல்ல. தன் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று அதற்கு எந்நேரமும் தெரியும். சொன்ன இடத்துக்குப் போய்ச் சொன்ன இடத்தில் நிற்கும். ஆனால் வழமையான சேர்வோவின் மூளை, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதி, மோட்டாரில் இல்லை. ஆள் உயர இரும்பு அலுமாரிக்குள் இருக்கும். ஒவ்வொரு மோட்டாரிலிருந்தும் அந்த அலுமாரிக்குத் தடித்த வயர்கள் ஓடும். அலுமாரி சூடாகும் என்று விசிறி வைப்பார்கள். விசிறி காற்றை இழுக்கும். மிளகாய் மில்லில் காற்று என்பது மிளகாய்த்தூள்.

குகனின் இயந்திரத்தில் நான்கு மோட்டார்கள். ஒன்று பிளாஸ்ரிக் சுருளை இழுக்க, ஒன்று தூளை அளந்து கொட்ட, ஒன்று பக்கற்றின் வாயை ஒட்டும் இரும்புத் தாடைகளை மூட, ஒன்று வெட்ட. ஒவ்வொன்றும் தன் மூளையைத் தன் முதுகிலேயே சுமக்கிறது, ஒரே மூடிய பெட்டியாக. அலுமாரி இல்லை, விசிறி இல்லை. மின்சாரத்துக்கு ஒரு வயர், செய்திக்கு ஒரு வயர், ஒரு மோட்டாரிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. வயர் குறைந்தால் பிழை தேடும் இடமும் குறையும். ஒன்று பழுதானால் இரண்டு இணைப்பைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். ஐம்பது கிராம் பக்கற்றிலிருந்து நூறு கிராமுக்கு மாற பழைய இயந்திரத்தில் அரை நாள் பற்சக்கரம் கழற்றவேண்டும். இதில் ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும்.

பாதகமும் இருக்கிறது. மூளை பழுதானாலும் உடம்பு பழுதானாலும் இரண்டையும் சேர்த்துத்தான் கொழும்புக்கு அனுப்பவேண்டும். செய்தி வயர் ஓரிடத்தில் அறுந்தால் எல்லாமே நிற்கும். ஒட்டும் தாடையின் சூட்டுக்குப் பக்கத்தில் மோட்டாரை வைத்தால் மூளையும் சேர்ந்து வேகும் என்பதால் குகன் அதைத் தள்ளி வைத்திருந்தார்.

இவ்வளவையும் குகன் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். எழுதாமல் விட்டது ஒன்று. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. நின்றபோது எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் ஓடியபோதும் பெரிய சத்தம் இருக்கவில்லை. நான் தாடைகளைப் பார்த்தேன். அவை விரிந்து, அசையாமல் நின்றன. சேர்வோ மோட்டார் நிற்பது ஓய்வல்ல. அது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அடுத்த சொல்லுக்காக. மின்சாரம் அணைந்த இயந்திரமும், கட்டளைக்குக் காத்திருக்கும் இயந்திரமும் பார்வைக்கு ஒன்றுதான். 'எச்சரிக்கை: அசையாத இயந்திரம் எந்நேரமும் இயங்கத் தொடங்கலாம்.' இந்த வாக்கியத்தை எத்தனை கையேடுகளில் எழுதியிருப்பேன் என்று தெரியாது. அன்றைக்குத்தான் அதற்குப் பொருள் இருப்பது தெரிந்தது. மெதுவாக இரண்டடி பின்னால் வந்தேன். பின்னால் சுவர் இருந்தது.

அத்தான் பின்வாங்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. பழைய இயந்திரம் ஆள் கதைப்பது கேட்காத அளவுக்கு இரையும். அவருடைய பயம் முழுவதும் அந்த இரைச்சலில் இருந்தது. இங்கே இரைச்சல் இல்லை. ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவர் ஓர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். தாடைக்குள் பிளாஸ்ரிக் கசங்கிச் சிக்கியிருந்தது. கை உள்ளே போகாமல் மறைக்கும் காப்புக் கதவு இன்னும் பொருத்தப்படவில்லை, பெயின்ற் காயச் சுவரில் சாத்தியிருந்தது. குகன் தேத்தண்ணி வாங்க வீட்டுப் பக்கம் போயிருந்தார். தவம் அண்ணை இயந்திரத்தின் மறுபக்கத்தில் சுவிச்சுகளோடு நின்றார். நடுவில் சுருளும் தூள் கொட்டும் புனலும் மறைத்தன.

அப்போது அத்தானின் போன் அடித்தது. அக்கா. அத்தான் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்துக்கொண்டார். அக்கா அடுக்கிக்கொண்டே போவது எனக்கும் கேட்டது, போய்ச் சேர்ந்ததா, முருங்கைக்காயைக் கொடுத்ததா, வரும்போது யாழ்ப்பாணத்தில் என்ன வாங்கவேண்டும் என்று. அத்தான் கேட்டுக்கொண்டே, பழக்கத்தில், வலது கையை உள்ளே விட்டுச் சிக்கிய பிளாஸ்ரிக்கைக் கிள்ளினார்.

இயந்திரத்தை ஓடவிடலாமா என்று மறுபக்கத்திலிருந்து தவம் அண்ணையின் குரல்: "விடட்டோ?"

"ஓம்," என்றார் அத்தான், போனுக்கு.

தவம் அண்ணை எதையும் இரண்டு தடவை கேட்பவர் என்று சொன்னேன். "அண்ணை, விடட்டோ?"

"ஓம், ஓம்."

நான் வாயைத் திறந்தேன். என் தொழிலில் அந்த இடத்தில் சொல்லவேண்டிய சொற்கள் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

தாடைகள் மூடின. சத்தமே இல்லை. போன் நிலத்தில் விழுந்தது. பிறகு தாடைகள் தாமாகவே விரிந்து, பின்னால் போய் நின்றன. சுவிச்சுப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

குகன் ஓடிவந்து முதலில் அவசரப் பொத்தானை அறைந்தார். பிறகுதான் கையைப் பார்த்தார். மூன்று விரல்களின் குறுக்கே ஒரு சிவந்த கோடு. தோல் கிழியவில்லை. அன்றைக்கு ஓட்டம் மட்டும் பார்ப்பது என்றபடியால் தாடைகளுக்குச் சூடு போட்டிருக்கவில்லை.

நிலத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "இஞ்சேருங்கோ. என்ன சத்தம்? கதையுங்கோவன்."

அத்தான் குனிந்து போனை எடுத்தார். "ஒண்டுமில்லை. நான் இஞ்சைதான் நிக்கிறன்," என்றார். போனை வைத்துவிட்டார்.

தவம் அண்ணை சுற்றி வந்தார். "நான் கேட்டனான். இரண்டு தரம் கேட்டனான். ஓம் எண்டவர்."

"அது நான் அவளுக்குச் சொன்ன ஓம், அண்ணை," என்றார் அத்தான்.

தவம் அண்ணை ஒரு கதிரையை இழுத்து, அத்தானுக்கு என்று கொண்டுவந்து, அதில் தானே இருந்துவிட்டார்.

அத்தான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குகனிடம் கேட்டார்: "உது தானாய் விட்டதோ? ஆரும் நிப்பாட்டினதோ?"

"தானாய்த்தான் அண்ணை. இடையிலை தடைப்பட்டால் விட்டிட்டுத் திரும்பிப் போகச் சொல்லி அந்த மோட்டருக்குள்ளையே எழுதி வைச்சிருக்கு." பிறகு குகன் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஆனால் இண்டைக்கு அமத்தம் குறைச்சு வைச்சிருந்தனான். சும்மா ஓடிப் பாக்கத்தானே. ஒட்டுற அமத்தம் எண்டால்..."

"சொல்லி முடி," என்றார் அத்தான்.

"விட்டிராது அண்ணை."

நான் மனத்துக்குள் அக்காவுக்கு இல்லை என்று சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் அத்தான் போய் முருங்கைக்காய்க் கட்டை அவிழ்த்து ஒன்றை உருவினார். ஒட்டும் அமத்தத்தை, அதாவது பக்கற்றை ஒட்டுகிற முழு அழுத்தத்தை, வைக்கச் சொன்னார். முருங்கைக்காயைத் தாடைக்குள் நீட்டிப் பிடிக்க வந்தவரைக் குகன் தடுத்து, ஒரு குறட்டால் தானே பிடித்தார். தாடை மூடியது. காய் இரண்டாக முறிந்து ஒரு துண்டு என் காலடியில் விழுந்தது. அது விரல் தடிப்புத்தான் இருந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம்.

குகன் மடிகணினியோடு உட்கார்ந்தார். அவர் செய்ததை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன், ஏனென்றால் உள்மூளையுள்ள சேர்வோவின் பெரிய நன்மை இதுதான், விவரத்தாளில் அது கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருந்தது. தாடை எங்கே நிற்கிறது என்று மோட்டாருக்குத் தெரியும் அல்லவா? ஆகவே தூரம் முழுவதும் மெல்லிய விசையோடு மட்டும் வா, பிளாஸ்ரிக்கின் தடிப்பு மட்டுமே மிச்சமாக இருக்கும் கடைசி இடத்தில்தான் முழு விசையோடு அமத்து என்று சொல்லலாம். அதற்கு முன்னே எது தட்டுப்பட்டாலும் அது பிளாஸ்ரிக் அல்ல, விட்டுவிடு. பழைய மோட்டாரிடம் இதை எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

இரண்டாவது முருங்கைக்காய் ஒரு சிறு தழும்போடு திரும்பி வந்தது. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. அத்தான் கடைசிவரை பார்த்தார். காய்கள் முடிந்ததும் காற்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். குகன் குறட்டால் அதை நீட்டினார். தாடை மூடியது. விடவில்லை. அமத்தி, வெட்டி, கைக்குட்டையின் பாதியை ஒரு பக்கற்றைப் போல அழகாகக் கீழே போட்டது.

"துணியும் பிளாஸ்ரிக்கும் அதுக்கு ஒண்டுதான் அண்ணை," என்றார் குகன். "மெல்லிசு. விரல் எண்டால் பிடிபடும். துணி பிடிபடாது. துணி போனால் பின்னாலை கையையும் சேர்த்து இழுக்கும்."

அத்தான் தன் கைப்பட்டியைப் பார்த்தார். நான் என் அரைக்கைச் சட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மாலையில் அக்கா என்னைப் போனில் அழைத்து, "ஓமோ, இல்லையோ?" என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். "உதென்ன எடுக்கலாம்? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லு." அத்தானைப் பார்த்தேன். அவர் தவம் அண்ணையோடு சேர்ந்து காப்புக் கதவைத் தூக்கி அதன் இடத்தில் பொருத்திக்கொண்டிருந்தார், கைப்பட்டியை முழங்கைவரை மடித்துவிட்டு. அந்தக் கையை நான் முழுதாகக் கண்டது அன்றைக்குத்தான். பட்டறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். யாருடைய கையும் எந்த இயந்திரத்துக்குள்ளும் இல்லை. ஓம் என்றேன்.

இப்படியொரு பயணம் போக இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இயந்திரம் செய்பவரிடம் விலையைக் கேட்கும் முன், அமத்தம் எங்கே எவ்வளவு என்று கேளுங்கள். அந்த அளவை யார் மாற்றலாம் என்றும் கேளுங்கள். குகன் அதற்குக் கடவுச்சொல் போட்டுவிட்டார். காப்புக் கதவு பொருத்தாத இயந்திரத்தை ஓட்டிக் காட்டினால் வெளியே நின்று பாருங்கள். கரண்ட் போய் வந்தால் தானாகத் தொடங்குமா என்பதை உங்கள் கண்முன் பிரதான சுவிச்சை அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மோட்டாரின் விசையைத் துண்டிக்கும் திறப்பு, அதாவது சாவி, ஒன்று இருக்கவேண்டும், கையை உள்ளே விடுபவர் அந்தத் திறப்பைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டுதான் விடவேண்டும். சோதனைக்கு முருங்கைக்காய் போதும், விரல் வேண்டாம். கொக்குவிலில் மதியச் சாப்பாட்டுக்கு நல்ல கடைகள் உண்டு என்று ரவி சொன்னார். நாங்கள் சாப்பிடவில்லை.

குகனின் பட்டறையில் இப்போது "விடட்டோ?" என்ற கேள்விக்கு ஓம் என்பது பதிலாக ஏற்கப்படுவதில்லை. "என்ரை கை வெளியிலை" என்று முழுதாகச் சொல்லவேண்டும். தவம் அண்ணை அதையும் இரண்டு தடவை கேட்கிறார். ஓம் என்று யாராவது சொன்னால், யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டுவிட்டு, சுவிச்சிலிருந்து கையை எடுத்துவிடுகிறார்.

இயந்திரம் ஆடி மாதத்தில் கொடிகாமத்துக்கு வந்தது. அத்தான் ஓட்டுகிறார். அக்கா அவருக்கு அரைக்கைச் சட்டை நான்கு வாங்கினார்.